முள் துள்ளாத மேசை

எங்கள் வீட்டுக்கு முதன்முறையாக வருகின்ற விருந்தினர் எவராயினும், தேநீர் அருந்தி முடிப்பதற்குள் ஒரு கேள்வியைக் கேட்டே தீருவர். "மூலையில் ஸ்கூட்டர் ரியூப்பின்மேல் ஏன் சீமெந்துக் கல்லை ஏற்றி வைத்திருக்கிறீர்கள்?" என்பதே அக்கேள்வி. கேட்பதில் பிழையில்லை. பனைமரத்தால் செய்த குட்டைக் கால் வாங்கு ஒன்று. அதன்மேல் கறுத்த இறப்பர் வளையம். வளையத்தின்மேல் ஒன்றரை அடிச் சதுரமும் இரண்டு அங்குலக் கனமும் உள்ள சீமெந்துப் பலகை. பலகையின்மேல் வெள்ளைத் துணியால் மூடிய ஒரு பெட்டி. அறியாதவர் கண்ணுக்கு ஏதோ கபுறடியை வீட்டுக்குள் கொண்டுவந்து வைத்ததுபோலத் தோன்றினாலும் தோன்றும். துணியை நீக்கிக் காட்டினால், உள்ளே இருப்பது பழைய இசைத்தட்டுச் சுழல்மேசை. இங்கிலாந்தில் செய்யப்பட்ட கரார்ட். அது பேசுகிறது, ஆனால் அதனைப் பேசவைப்பதற்கு எங்கள் வாப்பா பட்ட பாட்டை இரண்டு வார்த்தையில் சொல்லிவிட இயலாது. ஆகவே விருந்தினருக்கு இரண்டாம் கோப்பைத் தேநீரும் கொடுக்க வேண்டியதாகிறது.

புத்தளம் நகரிலிருந்து கொழும்பு வீதி வழியாகப் பாலாவியை நோக்கிச் செல்வோர் இடைவழியில் காணும் ஊர் தில்லையடி. மேற்கே களப்பு, களப்பின் ஓரத்தில் உப்புக் காற்று, எங்கு நோக்கினும் தென்னை. நிலம் மணற்பாங்கானது. ஊரை ஊடறுத்துப் புகையிரதப் பாதை செல்கிறது. கொழும்பிலிருந்து வரும் பயணிகள் வண்டியைப்பற்றி எவருக்கும் முறைப்பாடு இல்லை. அது நேரத்துக்கு வரும், அல்லது நேரந்தவறி வரும், போய்விடும். எங்கள் கதைக்குரியது வேறு வண்டி. புத்தளத்துக்கு வடக்கே அறுவைக்காட்டில் வெட்டியெடுக்கும் சுண்ணாம்புக் கல்லைச் சுமந்துகொண்டு, பாலாவிச் சீமெந்துத் தொழிற்சாலைக்குச் செல்லும் சரக்கு வண்டி அது. நாங்கள் இவ்வூரில் குடியேறிய நாளில் அது பகலென்றும் இரவென்றும் பாராமல் வந்துபோகும். எங்கள் வேலிக்கும் தண்டவாளத்துக்கும் இடையே ஐம்பதடி தூரம் இருக்கலாம். வண்டி வருமுன்னரே அதன் வருகையைத் தரை சொல்லிவிடும். அலுமாரிக்குள் பீங்கான் கோப்பைகள் ஒன்றையொன்று தொட்டுக் கிணுகிணுக்கும். பிறகுதான் காதுக்குச் சத்தம் வரும்.

நாங்கள் இவ்வூரார் அல்லர். யாழ்ப்பாணம் சோனகத் தெருவிலிருந்து வந்தவர்கள். 1990 ஆம் ஆண்டு ஒக்டோபர் 30 ஆம் திகதி, இரண்டு மணி நேர அவகாசத்தில் ஊரைவிட்டு வெளியேறவேண்டும் என்று துப்பாக்கி ஏந்தியவர்கள் ஒலிபெருக்கியில் அறிவித்தபோது, எனக்குப் பதினாறு வயது. அந்த மாதத்தில் வடமாகாணம் முழுவதிலுமிருந்து ஏறத்தாழ 70,000 முஸ்லிம்கள் அவ்வாறு வெளியேறினர். அவர்களிற் பெரும்பகுதியினர் வந்து சேர்ந்த இடம் இப்புத்தளக் கரைதான். அச்சரித்திரத்தை விரிப்பது என் நோக்கமன்று. ஒன்றை மட்டும் சொல்லவேண்டும். என் வாப்பாவின் தொழிலே ஒலிபெருக்கி வாடகைக்கு விடுவது. தம்மை வெளியேறச் சொன்ன குரலைக் கேட்டபோது, "அந்தக் குழாய் நல்லதில்லை, தம்பி, இரைச்சல் கூட" என்று அவர் முணுமுணுத்தது எனக்கு இன்றும் நினைவிலிருக்கிறது. மனிதர் அதிர்ச்சியில் எதைத்தான் சொல்லமாட்டார்!

கலியாண வீட்டில் ஒலிபெருக்கி கட்டுவது எளிய தொழில் என்று எண்ணுவோர் உளர். குழாயை மரத்தில் கட்டிக் கம்பியை இழுத்துவிட்டால் முடிந்தது என்பது அவர்கள் நினைப்பு. வாப்பாவோ கலியாண வீட்டுக்குப் போனால், பந்தலைப் பார்க்குமுன் தரையைத்தான் பார்ப்பார். பலகைத் தரையா, சீமெந்துத் தரையா, மணலா? பிள்ளைகள் எந்தப் பக்கம் ஓடி விளையாடுவார்கள்? சமையற்கட்டில் உரல் எங்கே இருக்கிறது? இவற்றையெல்லாம் விசாரித்த பின்னரே இசைத்தட்டுப் பெட்டிக்கு இடம் குறிப்பார். உரலில் உலக்கை விழும் ஒவ்வொரு முறையும் முள் துள்ளினால் மாப்பிள்ளை வீட்டார் என்ன நினைப்பர்? மேசையின் நான்கு கால்களையும் ஈரமணலில் ஒரு சாண் புதைப்பது அவர் வழக்கம். பெட்டிக்குக் கீழே உமி நிரப்பிய சாக்கை மடித்து வைப்பார். ஏனென்று கேட்டால், "உமி அடியை வாங்கிக்கொள்ளும், பாட்டுக்குக் கொடுக்காது" என்பார். பௌதிகவியல் நூல் அவர் படித்ததில்லை.

அந்தச் சுழல்மேசையும் ஆறேழு தட்டுகளும் 1990 இல் எங்கள் வீட்டில் இருந்திருப்பின், மற்றவை போன வழியே அவையும் போயிருக்கும். ஆனால் அவ்வாண்டு யுத்தம் மூண்டு மின்சாரம் நின்றுபோனமையால் தொழிலும் நின்றிருந்தது. அந்த ஓய்வில் பழுதுபார்ப்பதற்காக, பக்கத்துத் தெருவில் வசித்த பௌதிகவியல் ஆசிரியர் ஒருவரிடம் வாப்பா அதனைக் கொடுத்து வைத்திருந்தார். அவர் தமிழர், வானொலிப் பெட்டிகளைப் பிரித்துப் பூட்டுவதில் மோகமுடையவர். நாங்கள் போனபின் அப்பெட்டி அவர் வீட்டிலேயே தங்கிவிட்டது. சரியாக ஐந்தாண்டு கழித்து, 1995 ஒக்டோபர் 30 ஆம் திகதி, வலிகாமத்து மக்கள் அனைவரும் இரவோடிரவாகத் தென்மராட்சிக்கு இடம்பெயர நேர்ந்தபோது, அவரும் வீட்டைவிட்டு நடந்தார். நடக்குமுன் பெட்டியைத் தகரப் பெட்டகம் ஒன்றில் இட்டு, சுற்றிலும் உமியைத் திணித்து, விறகுக் கொட்டிலில் விறகுக்கடியில் மறைத்துவிட்டே போனாராம். மறு ஆண்டில் அவர் திரும்பி வந்தபோது வீட்டுக் கூரையில் பாதியைக் காணவில்லை. விறகு மட்டும் இருந்தது.

2002 இல் யுத்த நிறுத்தம் ஏற்பட்டு யாழ்ப்பாண வீதி திறந்தவுடன் வாப்பாவும் நானும் ஊரைப் பார்க்கப் போனோம். எங்கள் வீட்டில் பார்ப்பதற்கு அதிகமில்லை. கதவு நிலைகளும் பெயர்க்கப்பட்டிருந்தன. அங்கு நின்றுகொண்டிருந்தபோது ஆசிரியர் சைக்கிளில் வந்து இறங்கினார். இருவரும் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு அவர், "நானா, உங்கட சாமான் பத்திரமா இருக்கு. பழுது பாத்துப்போட்டன். கூலி பிறகு வாங்கிறன்" என்றார். வாப்பா சிரித்தார். பன்னிரண்டு ஆண்டில் அவர் அவ்வாறு சிரித்ததை நான் கண்டதில்லை.

திரும்பி வரும் வழியெல்லாம் அந்தப் பெட்டகத்தை வாப்பா பேருந்தின் தரையில் வைக்கவே விடவில்லை. வவுனியா வரையிலும் மடியிலேயே வைத்திருந்தார். வழியோ குண்டும் குழியும். "தரையில வைச்சா அடி நேரா ஏறும், மடியில இருந்தா நான் வாங்கிக்கொள்ளுவன்" என்பது அவர் நியாயம். அன்றிரவு அவர் தொடைகள் கன்றிச் சிவந்திருந்தன. உம்மா எண்ணெய் பூசிவிட்டார்.

தட்டுகளில் ஒன்று நாகூர் ஈ. எம். ஹனிபா அவர்கள் பாடிய சிறுதட்டு. நிமிடத்துக்கு 45 சுற்றுச் சுழல்வது. அதன் நடுவே ஒட்டிய தாளில் வாப்பாவின் கையெழுத்தில் 1972 ஆம் ஆண்டுத் திகதி ஒன்று இருக்கிறது. அது வாப்பாவும் உம்மாவும் நிக்காஹ் செய்த நாள். அன்று மாப்பிள்ளையாக அமர்ந்திருந்த காரணத்தால் அவரால் பெட்டியருகே நிற்க முடியவில்லை. உதவிக்கு நின்ற பையன் பதற்றத்தில் முள்ளைத் தவறவிட்டான். இரண்டாம் பாட்டின் நடுவில் இன்றும் "டொக்" என்று ஒலிக்கும் கீறல் அப்போது விழுந்தது. வேறெந்தப் பொருளும் அவர்களிடம் அந்த நாளுக்குச் சான்றாக எஞ்சவில்லை. படமில்லை, பத்திரமில்லை, தாலியாகக் கட்டிய பொன்னுமில்லை. எஞ்சியது தட்டும் அதிலுள்ள கீறலும்.

தில்லையடியில் அத்தட்டை முதன்முதல் வைத்த மாலையில் அயலவர் பதினைந்து பேர் கூடிவிட்டனர். முதற் பாட்டு நன்றாகவே போயிற்று. இரண்டாம் பாட்டு தொடங்கியதும் அலுமாரிக் கோப்பைகள் கிணுகிணுத்தன. கல்வண்டி வருகிறது! ஒலிபெருக்கியில் முதலில் மாடு உறுமுவதுபோன்ற ஒரு சத்தம் கேட்டது. கீறல் இருந்த இடத்தை முள் அடைந்தபோது, வழக்கம்போல் "டொக்" என்று கடந்துபோகாமல் துள்ளி எழுந்து, நான்கைந்து கோட்டுக்கு அப்பால் விழுந்து, குறுக்கே கீறிக்கொண்டு போயிற்று. வாப்பா பாய்ந்து கையைத் தூக்கினார். விளக்கடியில் தட்டைச் சாய்த்துப் பார்த்தால் புதிதாக ஒரு கோடு.

இந்த முள் எவ்வளவு நுண்ணிய வேலை செய்கிறது என்பதை மாணவர்கள் ஒருமுறை கணக்கிட்டுப் பார்த்தல் நன்று. தட்டிலுள்ள கோட்டின் அகலம் தலைமயிர் ஒன்றின் பருமனுக்கு மிகாது. நொடிக்கு ஆயிரம் தடவை அதிரும் ஒரு நடுத்தரச் சுரத்தைப் பாடும்போது, முள் இருமருங்கும் அசையும் தூரம் ஒரு மில்லிமீற்றரை ஆயிரமாகப் பங்கிட்டால் வரும் பங்கில் எட்டே எட்டு. பாடகர் மூச்சுவிடும் மெல்லிய ஓசைக்கோ அதனிலும் ஆயிரத்தில் ஒரு பங்கு போதும். இத்துணைச் சிறிய அசைவைப் பிடித்துப் பெரிதாக்கித் தருவதற்கென்றே அமைந்த கருவிக்குப் பாட்டு எது, புகையிரதம் எது என்று பிரித்தறியும் அறிவில்லை. அசைவென்று வந்தால் எல்லாம் அதற்குப் பாட்டே.

அன்றிலிருந்து வாப்பா பயணிகள் வண்டியின் நேர அட்டவணையைச் சுவரில் எழுதி ஒட்டினார். கல்வண்டிக்கு அட்டவணை ஏது? முதலில் நான் ஒரு வித்தை செய்தேன். முள் பொருந்திய கையின் தலையில் இரண்டு ரூபாக் குற்றி ஒன்றை ஒட்டினேன். பாரம் கூடினால் துள்ளாதல்லவா? வாப்பா கண்டதும் என்மேல் சீறி விழுந்தார். முள் துள்ளாது, உண்மை. ஆனால் அவ்வளவு பாரத்தோடு ஓடினால் கோட்டின் சுவரை உழுது தள்ளிவிடும். நோயைத் தீர்க்க நோயாளியைக் கொல்வதுபோல. அடுத்ததாக, தேய்ந்த இறப்பர்ச் செருப்புகளை வெட்டி நான்கு துண்டாக்கிப் பெட்டியின் கீழ் வைத்தோம். நியாயமாகப் பார்த்தால் குணமாகவேண்டும். நடந்ததோ நேர்மாறு. கல்வண்டி வந்தபோது உறுமல் முன்னிலும் பெரிதாயிற்று! ஏன் என்பது எனக்கு விளங்கவில்லை, வாப்பாவுக்கும் விளங்கவில்லை. அவர் தட்டை உறையில் இட்டு, உறையைத் துணியில் சுற்றி, உம்மாவின் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டார். பல மாதம் அது வெளியே வரவில்லை. உம்மா ஒருநாள், "ஊருக்குப் போய்த்தான் இனி அதைக் கேக்கலாம் போல" என்றார். அதற்கு வாப்பா மறுமொழி சொல்லவில்லை. ஊருக்குப் போவதா, இங்கேயே இருப்பதா என்பது அந்நாளில் எங்கள் வீட்டில் எவரும் உரக்கப் பேசாத கேள்வி.

2003 ஆகஸ்ட் விடுமுறையில் ஆசிரியர் கூலி வாங்க வந்தார். அவ்வாறுதான் அவர் சொன்னார். மூன்று நாள் தங்கினார்.

வந்த அன்றே கல்வண்டி போயிற்று. அவர் ஒன்றும் பேசாமல் உம்மாவிடம் தேநீர்த் தட்டம் ஒன்றை வாங்கி, தண்ணீர் நிரப்பிப் பெட்டி இருந்த மேசைமேல் வைத்தார். அடுத்த வண்டிக்காகக் காத்திருந்து, தட்டத்துத் தண்ணீரில் எழுந்த வட்ட நெளிவுகளை மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் குனிந்து பார்த்தார். பிறகு அதே தட்டத்தைத் தரையில் வைத்தார், நெளிவு குறைவு. செருப்புத் துண்டுகளின்மேல் வைத்தார், நெளிவு மிகுதி. "நானா, தரை ஆடுறதைவிட உங்கட மேசை கூட ஆடுது. மேசையைவிடச் செருப்புக் கூட ஆடுது" என்றார்.

அன்று பின்னேரம் முற்றத்தில் அவர் செய்து காட்டிய சோதனையை இதனைப் படிக்கும் எந்த மாணவரும் வீட்டில் செய்து பார்க்கலாம். சைக்கிள் ரியூப்பிலிருந்து மெல்லிய நாடாவாக வெட்டிய இறப்பரின் நுனியில் ஒரு கல்லைக் கட்டித் தொங்கவிட்டார். கல்லின் பாரத்தால் இறப்பர் ஏறத்தாழ ஒரு சாண் நீண்டது. கையை மிக மெதுவாக மேலும் கீழும் அசைத்தார். கல்லும் கையோடு கூடவே ஏறி இறங்கிற்று. நொடிக்கு ஒரு தடவை என்னும் அளவில் அசைத்தார். கல் கூத்தாடத் தொடங்கி, கை அசைந்ததைப்போல் பல மடங்கு எழும்பிக் குதித்தது. பிறகு கையைக் கிடுகிடுவென்று வேகமாக நடுக்கினார். என்ன வியப்பு! கை நடுங்குகிறது, இறப்பரின் மேற்பாதி நடுங்குகிறது, கல் மட்டும் அந்தரத்தில் ஆணியடித்ததுபோல் அசையாமல் நிற்கிறது.

இதுவே முழுச் சூத்திரமும். மென்மையான ஒன்றின்மேல் ஏற்றிய எப்பாரத்துக்கும், தானாக ஆடவிட்டால் ஆடுகின்ற ஒரு சொந்த மீடிறன் உண்டு. கீழிருந்து வரும் அதிர்வு அச்சொந்த மீடிறனோடு ஒத்திருந்தால் ஆட்டம் பெருகும். இதனை எங்கள் பாடநூல்கள் பரிவு என்கின்றன. இவ்வளவு நாசம் செய்யும் ஒன்றுக்கு இத்தனை அன்பான பெயரை யார் வைத்தார்களோ! வரும் அதிர்வு சொந்த மீடிறனின் ஒன்றரை மடங்களவைத் தாண்டிய பின்னரே குறைதல் தொடங்கும். மூன்று மடங்கானால் எட்டிலொரு பங்குதான் மேலே ஏறும். சொந்த மீடிறனை அறிய ஓர் எளிய கணக்கும் உண்டு. பாரம் ஏற்றியபோது சுருள்வில் எத்தனை சென்ரிமீற்றர் அமிழ்கிறதோ, அதன் வர்க்கமூலத்தால் ஐந்தை வகுத்தால் நொடிக்கு எத்தனை ஆட்டம் என்பது ஏறத்தாழக் கிடைக்கும். எங்கள் செருப்புத் துண்டுகள் பெட்டியின் கீழ் ஒரு மில்லிமீற்றரே அமிழ்ந்திருந்தன. கணக்குப்படி நொடிக்குப் பதினாறு. மணல் நிலத்தில் பாரவண்டி எழுப்பும் அதிர்வும் அந்தச் சுற்றுவட்டாரத்தில்தான். போதாக்குறைக்கு, முள்ளைத் தாங்கும் கைக்கும் நொடிக்குப் பத்தளவில் ஒரு சொந்த ஆட்டம் உண்டு. நாங்கள் இறப்பரை வைத்துப் பாதுகாக்கவில்லை. வண்டிக்கு ஏணி வைத்துக் கொடுத்திருந்தோம்.

"அப்ப என்ன செய்யிறது, மாஸ்டர்?" என்றார் வாப்பா.

"நல்லா அமிழவேணும். அமிழ்றதெண்டா மெத்தெண்ட ஒண்டு கீழ வேணும், பாரமான ஒண்டு மேல வேணும்."

வாப்பா எழுந்து போய்விட்டார். ஒரு மணி நேரங் கழித்து, பக்கத்துச் சைக்கிள் கடையிலிருந்து ஒட்டுப்போட்ட ஸ்கூட்டர் ரியூப் ஒன்றும், தோளில் அரை மூட்டைச் சீமெந்துமாக வந்து சேர்ந்தார். பலகையால் சட்டம் அடித்து, களப்போர மணலைக் கழுவி உப்பைப் போக்கி, அன்றிரவே பலகையை வார்த்தோம். ஆசிரியர் கரண்டியால் மட்டம் பார்த்துக்கொண்டே, "இந்தச் சீமெந்து எங்கத்தையது?" என்று கேட்டார். பாலாவி என்றேன். "அப்ப இது அந்த வண்டியில போன கல்லுத்தான்" என்று சொல்லி இருவரும் சிரித்த சிரிப்பில் உம்மா வெளியே வந்து எட்டிப் பார்த்தார்.

இறுகுவதற்கு ஒரு நாள் முழுதும் விட்டோம். அதுவும் போதாது என்பார்கள் கொத்தனார்கள், ஆனால் ஆசிரியருக்குப் பயணநாள் நெருங்கிவிட்டது. பலகையின் நிறை இருபத்தைந்து கிலோ இருக்கும். ரியூப்பில் காற்றை மிகக் குறைவாகவே அடித்து, வாங்கின்மேல் கிடத்தி, பலகையை ஏற்றினோம். இறப்பர் இருமருங்கும் பிதுங்கி அமர்ந்தது. விரலால் பலகையை ஒரு முறை அழுத்தி விட்டால், மெல்ல நாலைந்து அசைவு அசைந்து தானாகவே அடங்கியது. சுருள்வில்லாக இருந்திருந்தால் இன்னும் நெடுநேரம் ஆடிக்கொண்டிருக்கும். இறப்பர் ஆட்டத்தைத் தன் உடம்பிலேயே வாங்கித் தணித்துவிடும் தன்மையுடையது. உமிச் சாக்கின் இரகசியமும் அதுவே. ஒன்று மட்டும் குறுக்கிட்டது. ஒலிபெருக்கிப் பெட்டிகள் இரண்டையும் வாப்பா அந்த வாங்கின்மேலேயே வைத்திருந்தார். சத்தத்தைக் கூட்டியபோது மெல்லத் தொடங்கிய ஓர் ஊளை வளர்ந்து வளர்ந்து காதைத் துளைத்தது. பாட்டு வாங்கை அதிரச் செய்ய, வாங்கு முள்ளை அதிரச் செய்ய, முள் அதனையே மீண்டும் பாட்டாக்கி அனுப்ப, நாய் தன் வாலைத் துரத்தும் கதையாயிற்று. ஒலிவாங்கி ஊளையிடுவதை ஆயுள் முழுதும் அடக்கியவர், தம் வீட்டில் தவறிவிட்டதற்கு வெட்கப்பட்டுக்கொண்டே பெட்டிகளை எடுத்து எதிர்ச் சுவரடியில் வைத்தார்.

தட்டத்துத் தண்ணீர் முதலில் ஏறியது. வண்டி வந்தது. அலுமாரிக் கோப்பைகள் கிணுகிணுத்தன. தட்டத்தில் விளக்கின் பிம்பம் உடையவில்லை. வண்டி பாலாவிப் பக்கம் போய் மறைந்த பிறகும் ஒருவரும் பேசவில்லை. உம்மா உள்ளே போய்ப் பெட்டியைத் திறக்கும் சத்தம் கேட்டது.

அடுத்த வண்டி வருவதற்கு இரவு ஒன்பதாயிற்று. நாங்கள் வேண்டுமென்றே அதற்காகக் காத்திருந்து, தரை நடுங்கத் தொடங்கிய பின்னர்தான் முள்ளை இறக்கினோம். இரண்டாம் பாட்டு. கீறல் வந்தது. "டொக்." புதுக்கீறலும் வந்தது, இன்னொரு "டொக்." பாட்டு அதன் வழியே போய்க்கொண்டிருந்தது. வண்டியும் அதன் வழியே போய்க்கொண்டிருந்தது. வாப்பா தலையைக் குனிந்துகொண்டார். ஆசிரியர் முற்றத்துக்குப் போய்ச் சுருட்டுப் பற்றவைத்தார்.

இவ்வித்தை எங்கள் கண்டுபிடிப்பன்று என்பதைப் பின்னாளில் அறிந்தேன். அமெரிக்காவில் எட்கர் வில்ச்சர் என்பவர், 1961 இல் தம் நிறுவனத்தின் பெயரால் வெளியிட்ட சுழல்மேசையில், சுழலும் தட்டையும் முள்ளின் கையையும் ஒரே சட்டத்தில் பூட்டி, அச்சட்டத்தை மூன்று மென்சுருள்வில்லில் தொங்கவிட்டார்; மோட்டாரை மட்டும் வெளிப்பெட்டியில் நிறுத்தி, இரண்டுக்கும் இடையே ஓர் இறப்பர் வாரை ஓட்டினார். வெளியே தட்டினாலும் உள்ளே பாட்டு அசையாது. தட்டும் கையும் ஒன்றாக ஆடினால் முள்ளுக்கு அது ஆட்டமே அன்று என்பதுதான் அவர் கண்ட நுட்பம். பின்வந்த புகழ்பெற்ற சுழல்மேசைகள் பல அவ்வழியைப் பின்பற்றியவையே.

இன்று இசைத்தட்டு மீண்டும் நாகரிகமாகி, அதிர்வு தாங்கும் கால்கள், பலகைகள், உருளைகள் என்று எத்தனையோ பொருள்கள் பெருவிலைக்கு விற்பனையாகின்றன. சுழல்மேசைக்கு அவற்றுட் சில பயன்படக்கூடும். ஆனால் முள்ளே இல்லாத கருவிகளுக்கும், சுவரிலிருந்து வரும் மின்கம்பிக்குங்கூடத் தாங்கி வைக்கச் சொல்கிறார்கள். வால்வுகள் பொருத்திய பழைய அம்பிளிபயர் தட்டினால் ஒலிக்கும், அதனை ஒப்புக்கொள்ளலாம். மற்றவற்றுக்கு வைப்பது பணத்தைக் களப்பில் போடுவதாகும் என்பது என் துணிபு. தண்ணீர்த் தட்டம் ஒன்று எந்த வீட்டிலும் இருக்கிறது. வாங்குமுன் அதனைக் கேட்டறியலாம்.

யுத்தம் 2009 இல் முடிந்தபின் என் தம்பி சோனகத் தெருவுக்கே திரும்பிப் போய்க் கடை வைத்தான். பெட்டியையும் கொண்டுபோகலாமா என்று கேட்டான். வாப்பா நெடுநேரம் யோசித்தார். பிறகு, "அங்க வண்டியில்லை, எந்த மேசையிலயும் பாடும். இந்தக் கல்லைத் தூக்கிக்கொண்டு போக ஏலாது" என்று மட்டும் சொன்னார். அவர் ஊருக்கு ஆண்டுக்கிருமுறை போய்வந்தார். பெட்டி இங்கேயே இருந்தது. அவர் காலமாகிச் சில ஆண்டுகள் ஆகின்றன. அதற்கு முன்னரே ஆசிரியரும் போய்விட்டார். கூலியை அவர் கடைசிவரை வாங்கவில்லை.

என் மகனிடம் அதே பாட்டுக் கைபேசியில் இருக்கிறது. எந்த வண்டியாலும் அது துள்ளுவதில்லை, கீறலும் இல்லை. உம்மாவுக்கு ஒருமுறை போட்டுக் காட்டினான். முழுவதும் கேட்டுவிட்டு, "நல்லாயிருக்கு. ஆனா இது வேற ஆரோட கலியாணமோ?" என்றார்.

ரியூப் மூன்று முறை மாற்றியாயிற்று. பலகை அதேதான்; ஓர் ஓரம் மட்டும் சிறிது உதிர்ந்திருக்கிறது. இரண்டு வாரத்துக்கொரு தடவை காற்று இறங்கிவிடும். இறங்கினால் பலகை ஒருபக்கம் சாயும், முள்ளும் அப்பக்கமே சாயும். காற்றடிப்பது என் இளைய மகளின் பொறுப்பு. சென்ற வெள்ளிக்கிழமையும் சைக்கிள் பம்பைக் கொண்டுவந்து, ஒவ்வொன்றாக எண்ணிப் பதினொரு தடவை அடித்தாள். பதினான்கு அடித்தால் இறுகிவிடும் என்று அவளுக்குத் தெரியும்.